வெள்ளை அட்டையா, கமாட்டா?

பினாங்கு ஜார்ஜ் டவுன் சீன மருந்துக்கடை ஜாடிகளில் காய்ந்து கிடக்கும்போது, கடலடியில் ஊரும் உருளை உயிரான கடல் அட்டை எல்லாமே கரிக்கட்டைதான். நம் வீட்டுப் பெரியவர்களுக்கோ எல்லாமே மலாயில் சொல்லும் ‘கமாட்’. உயிரோடு பார்த்தால்தான் தெரியும், வெள்ளை அட்டைக்கும் அசல் கமாட்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

வெள்ளை அட்டைக்கு அந்தப் பெயர் வயிற்றால் வந்தது. முதுகு சாம்பலோ கறுப்போ, குறுக்கே சுருக்கம் சுருக்கமாய் இருக்கும், புரட்டினால் வெள்ளை. சேறு கலந்த மணலும் கடற்புல்லும் உள்ள ஆழமில்லாத இடம்தான் அதன் வீடு. மணலை விழுங்கி, மக்கிய சத்தை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் பின்னால் தள்ளிவிடும். குட்டிகள் நேரம் தவறாதவை. விடியும்போது மணலுக்குள் புதைந்து, பொழுது சாய்ந்ததும் எழுந்து வரும். வளர்ந்தவை அவ்வளவு கறார் இல்லை.

லங்காவித் தீவின் மருந்தெண்ணெய்ப் பாட்டில்களால் பேர்பெற்ற கமாட் அப்படியே எதிர்மாறு. உடம்பு முழுக்க மரு. பச்சையா, பழுப்பா, சாம்பலா என்று சொல்ல முடியாத கலவை நிறம். பகலில் பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் மேயும். அங்கே ஒருமுறை நீர் வற்றிய இரவில் டார்ச்சோடு போய், ஆர்வக்கோளாறில் ஒன்றைத் தூக்கிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தோல் கஞ்சி மாதிரி இளகி விரலிடுக்கில் வழிந்தது. தோலில் உள்ள கொலாஜன் என்ற நார்ப் புரதத்தை விறைக்கவும் தளர்த்தவும் கடல் அட்டைகளுக்குத் தெரியும். கமாட் தளர்த்துவதில் எல்லை தாண்டிவிடுகிறது. மெதுவாக இறக்கி வைத்தேன், இனி தொடுவதில்லை. உடம்பை நடுவில் இரண்டாகப் பிரித்துக்கொண்டு, இரண்டு பாதியும் தனித்தனி அட்டையாக வளரும் வித்தையும் இதற்கு உண்டு. வெள்ளை அட்டைக்கு அது வராது.

ஆசனவாய் வழியாக மூச்சு விடுவதில் மட்டும் இரண்டும் ஒரே கட்சி. அப்புறம், ஒட்டும் வெள்ளை நூலைப் பீய்ச்சும் அட்டை இந்த இரண்டும் இல்லை, அது வேறு.

விலை என்று வந்தால் வெள்ளை அட்டைக்குத்தான் மவுசு. அதுவே அதற்கு எமன். கரையோரமே கிடக்கும், ஓடவும் தெரியாது. உலக அளவில் அருகிவரும் இனம் என்று பட்டியலிட்டிருக்கிறார்கள். இந்தியாவில் 2001 முதல் எந்தக் கடல் அட்டையையும் பிடிக்கத் தடை. இத்தனைக்கும் வெள்ளை அட்டைக் குஞ்சு பொரிக்க வைத்ததில் 1988-லேயே தூத்துக்குடி முந்திக்கொண்டது.

பிள்ளைகளோடு போனால் வெள்ளை அட்டையைத் தேடுங்கள், சாயங்காலமே பார்த்துவிடலாம். என்னைக் கேட்டால், தூக்கம் கெட்டாலும் கமாட்தான்.