பில் ஃபைலோடு வந்த கார்: கோத்தகிரியில் நாலரை வருடம்

2021 மார்ச்சில் இந்த காரை வாங்கும்போது ஓடோமீட்டரில் 1,02,300 கிலோமீட்டர் இருந்தது. இப்போது 1,61,000 தாண்டிவிட்டது. 2013 மாடல், ஜெர்மன் டீசல் செடான், 2 லிட்டர், ஆட்டோமேட்டிக். வாங்குவதற்குப் பத்து மாதம் முன்பு, 91,400 கிலோமீட்டரில், இன்ஜினைக் கீழே இறக்கி டைமிங் செயின் (வால்வும் பிஸ்டனும் ஒத்து இயங்க வைக்கும் சங்கிலி) மாற்றியிருந்தார்கள். இதைக் கேட்டதும் வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். "இன்ஜின் பிரிச்ச வண்டியா? காசைக் கொடுத்து வம்பை வாங்காதே" என்றார் மாமா. நான் அந்த பில்லைப் பார்த்த பிறகுதான் வாங்கவே முடிவு செய்தேன். ஏன் என்பதையும், அதே ஃபைலில் நான் கவனிக்காமல் விட்டது என்ன என்பதையும் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முதுகுத்தண்டில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. மாதம் இரண்டு முறை கோவைக்குப் போய் வர வேண்டும். பழைய காரில் மேட்டுப்பாளையம் இறங்குவதற்குள் அவர் முகம் வாடிவிடும். நல்ல சீட்டும் சஸ்பென்ஷனும் உள்ள வண்டி தேவைப்பட்டது. புதிதாக வாங்க வசதி இல்லை. 12 லட்சத்துக்குள் தேடினேன்.

முதலில் பார்த்தது வேறொரு வண்டி. சென்னைப் பதிவு, 2013 மாடல், 64,000 கிலோமீட்டர்தான். "இன்ஜின்ல கையே வைக்கல சார்" என்றார் விற்பவர். சர்வீஸ் பில் கேட்டேன், இரண்டே இரண்டு இருந்தது. இரண்டுக்கும் நடுவில் 27,000 கிலோமீட்டர் இடைவெளி. அவ்வளவு தூரம் ஒரே ஆயிலில் ஓடியதா, இல்லை நடுவில் வெளியே எங்கோ மாற்றினார்களா என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டு கூட இல்லை. அப்புறம் பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைப் புரட்டினேன். க்ளைம் எதுவும் இல்லாவிட்டால் வருடா வருடம் கிடைக்கும் தள்ளுபடி 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். இந்த வண்டிக்கு 2016 பாலிசியில் அது பூஜ்யம். அதற்கு முந்தைய டிசம்பரில்தான் சென்னையில் பெருவெள்ளம் வந்தது. பம்பர் இடித்துக்கூட க்ளைம் வாங்கியிருக்கலாம், அதனால் இதை மட்டும் வைத்து வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்று சொல்லிவிட முடியாது. எதற்கான க்ளைம் என்று கேட்டேன், அவர் டயரைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். தண்ணீர் சிலிண்டருக்குள் போன நிலையில் இன்ஜினைச் சுழற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். லேசாக வளைந்தது பல ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகுகூட உடையலாம். அந்த வண்டியை விட்டுவிட்டேன்.

இரண்டாவது வண்டி கோவையில் ஒரு டாக்டருடையது. அவர் சாவியோடு ஒரு தடித்த ஃபைலையும் எடுத்து வைத்தார். அதை வாங்கி வந்து குன்னூரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் வீட்டு டைனிங் டேபிளில் தேதி வாரியாகப் பரப்பினோம். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டது ரொம்ப அதிகம்.

அண்ணன் செயின் பில்லின் மொத்தத் தொகையைக் கடைசியாகத்தான் பார்த்தார். முதலில் எடுத்தது ஜாப் கார்டு. அதில் கஸ்டமர் சொன்ன குறை என்ற இடத்தில், காலையில் முதல் ஸ்டார்ட்டில் இன்ஜின் பின்பக்கம் உரசல் சத்தம் என்று எழுதியிருந்தது. "பாருங்க தம்பி, சத்தம் கேட்டே கொண்டு போயிருக்காரு. அறுந்த பிறகு டோ பண்ணிப் போகல" என்றார். செயின் ஓடும்போது அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்படி நடந்திருந்தால் பில்லில் வால்வு, ஹெட் கேஸ்கெட், ஹெட்டை லேத் பட்டறையில் சமன் செய்த கூலி எல்லாம் வரிசையாக வந்திருக்கும். இதில் ஒன்றும் இல்லை.

அடுத்து லேபர். இந்த மாதிரி இன்ஜினில் டைமிங் செயின் கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் கியர்பாக்ஸைக் கழற்ற வேண்டும், இல்லையென்றால் இன்ஜினையே இறக்க வேண்டும். செயின் மாற்றியதாகச் சொல்லி ஐயாயிரம் ரூபாய் லேபர் போட்ட பில்லை யாராவது காட்டினால் நம்ப வேண்டாம். இந்த பில்லில் இன்ஜின் இறக்கி ஏற்றிய கூலி தனி வரியாக இருந்தது. செயினோடு அதை வழிநடத்தும் கைடுகள், இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், பல்சக்கரம், எல்லாமே பார்ட் நம்பரோடு இருந்தன. ஒருமுறை முறுக்கியதும் நீண்டுவிடும் போல்ட்டுகளைத் திரும்பப் போடக் கூடாது. அவையும் புதிதாக வாங்கிய கணக்கு இருந்தது. தேய்ந்த கைடு, டென்ஷனர் மேல் புதுச் செயினை மட்டும் போட்டால் கொஞ்ச நாளில் பழைய சத்தம் திரும்பிவிடும்.

அண்ணன் விரலை வைத்து நிறுத்திய வரி ஒன்று உண்டு: சம்ப் கேஸ்கெட், ஒன்று. விலை சொற்பம். "இதைத்தான் தேடினேன்" என்றார். செயின் கைடு பிளாஸ்டிக். அது தேய்ந்து உடையும்போது துணுக்குகள், இன்ஜின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பில் விழும். அங்கே ஆயில் உறிஞ்சும் குழாயின் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். செயினை மாற்றிவிட்டு சம்ப்பைத் திறக்காமல் விட்டால், கொஞ்ச நாள் கழித்து ஆயில் அழுத்தம் குறைந்து டர்போவும் (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) பேரிங்கும் போகலாம். சம்ப் கேஸ்கெட் மாற்றியிருக்கிறார்கள் என்றால் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். வேலை செய்தவர் என்ன நினைத்து வேலை செய்தார் என்பது எனக்கு அந்த வரியில்தான் புரிந்தது.

ஆர்.சி. புக்கில் உள்ள இன்ஜின் நம்பரையும் இன்ஜினில் பொறித்த நம்பரையும் ஒப்பிட்டுப் பார்த்தோம், சரியாக இருந்தது. இன்ஜினையே மாற்றியிருந்தால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பதிந்திருக்க வேண்டும். பில்களில் உள்ள கிலோமீட்டரை டயர் பில், வீல் அலைன்மென்ட் சீட்டுகளோடு சேர்த்துப் பார்த்தோம். எங்கும் பின்னால் போகவில்லை.

காகிதம் சரி. வண்டி? கோவை வெயிலில், ஏற்கனவே சூடாக இருக்கும் இன்ஜினில் செயின் சத்தம் சுலபமாகத் தெரியாது. டாக்டரிடம் ஒரு இரவு வண்டியைக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் தன் டிரைவரோடு அனுப்பி வைத்தார், அந்த நல்ல மனசை மறக்கமாட்டேன். மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர்தான், ஆனால் சுமார் 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். மேலே காற்றழுத்தம் கடல் மட்டத்தை விட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ கூடுதலாகச் சுழன்றுதான் அந்தக் குறையை ஈடுகட்டும். டர்போவிலிருந்து காற்று போகும் குழாயில் விரிசல் இருந்தால் இங்கே இழுவை குறைவதில் தெரிந்துவிடும். ஏறியது. மறுநாள் காலை ஆறரை மணிக்கு, கண்ணாடியெல்லாம் பனி படிந்திருக்க, பானட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். டீசல் சத்தம் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை. அன்று மதியமே முன்பணம் கொடுத்துவிட்டேன்.

இனி நான் தவறவிட்டது. அதே ஃபைலில் 72,000 கிலோமீட்டரில் இ.ஜி.ஆர். வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்புவது) க்ளீன் செய்த பில் இருந்தது. 86,000-லும் அதே வேலை. நன்றாகப் பராமரித்திருக்கிறார் என்று சந்தோஷப்பட்டுத் தாண்டிவிட்டேன். செயின் பில் பக்கமே எங்கள் கவனமெல்லாம் போனதால் அண்ணனும் அதை விட்டுவிட்டார்.

முதல் எட்டு மாதம் மைலேஜ் லிட்டருக்கு 11.5-க்கு மேல் வரவில்லை. மலை ரோடு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். டிசம்பரில் இன்ஜின் விளக்கு எரிந்தது. மறுபடியும் இ.ஜி.ஆர்., மறுபடியும் கரி. க்ளீன் செய்ய வந்தபோது அண்ணன் அந்த இரண்டு பழைய பில்களையும் கேட்டு வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "ஒரே வேலை மூணாவது தடவை. கரியைத்தான் எடுக்குறோம், கரி ஏன் வருதுன்னு யாரும் பாக்கல" என்றார். ஸ்கேனரை மாட்டிக்கொண்டு இருவரும் கோத்தகிரியிலிருந்து கீழே இறங்கினோம். கூலன்ட் வெப்பம் 90-ஐ ஒட்டி நிற்க வேண்டியது, சமதளத்திலேயே 74-ல் இருந்தது. இறக்கத்தில் கியரிலேயே விட்டு வந்தபோது 61 வரை விழுந்தது. மீட்டர் முள்ளோ சமதளத்தில் நடுவில்தான் நின்றது. பல வண்டிகளில் அந்த முள் சுமார் 75-லிருந்து 100 வரை எங்கே இருந்தாலும் நடுவையே காட்டும்.

இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கொண்டிருந்தது. இன்ஜின் சூடாகவே இல்லை. சூடாகாத டீசல் இன்ஜின் எரிபொருளை அதிகம் குடிக்கும், கரியும் அதிகம் போடும். கோவையின் சூட்டில் ஓரளவு மறைந்திருந்தது, எங்கள் குளிரில் அப்பட்டமாகத் தெரிந்துவிட்டது. பார்ட்டும் கூலியும் சேர்த்து 14,200 ரூபாய். அதன்பிறகு சராசரி 15-க்குக் குறையவில்லை. இ.ஜி.ஆரைக் கிட்டத்தட்ட நான்கு வருடமாகக் கழற்றவில்லை.

இன்று யாராவது பழைய சொகுசு கார் ஃபைலை என்னிடம் காட்டினால், பெரிய பில்லை விட இரண்டு முறை வந்த சின்ன பில்லைத்தான் முதலில் தேடுவேன். டர்போ இரண்டு முறை மாற்றியிருந்தால் அதற்கு ஆயில் போகும் குழாயை மாற்றினார்களா என்று பார்ப்பேன். கூலன்ட் அடிக்கடி ஊற்றியிருந்தால் அது எங்கே போகிறது என்று கேட்பேன்.

மற்ற செலவுகள் மலைக்கு உரியவைதான். முன்பக்க ஆர்ம் புஷ் இரண்டு முறை, பிரேக் டிஸ்க் ஒரு முறை, பேட் மூன்று முறை, குளிரில் ஸ்டார்ட் ஆக உதவும் க்ளோ ப்ளக் ஒன்று. ஆயிலை 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுகிறேன். கையேடு அதற்கு மேல் போகலாம் என்கிறது. ஆனால் குளிர்ந்த இன்ஜினில் டவுனுக்குள் மூன்று நான்கு கிலோமீட்டர் ஓட்டங்கள் எங்களுக்கு அதிகம், கரி ஆயிலில் சேரும். செயினை உயவூட்டுவதும் டென்ஷனரை அழுத்திப் பிடிப்பதும் அதே ஆயில்தான்.

அம்மா இப்போது மாதம் ஒரு முறைதான் கீழே போகிறார். குன்னூர் வழியாகப் பர்லியார் பக்கம் வேண்டாம், கோத்தகிரி ரோட்டிலேயே போ என்பார், வளைவு குறைவாம். செயின் மாற்றி 69,000 கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது. குளிர்காலத்தில் முதல் ஸ்டார்ட்டுக்கு ஜன்னலை இறக்கி வைத்துக் கேட்கிறேன். சத்தம் இல்லை. டாக்டரின் ஃபைல் நிரம்பி, இரண்டாவது ஃபைல் போட்டிருக்கிறேன். ஒவ்வொரு பில்லின் பின்னாலும் என்ன குறைக்காகக் கொண்டு போனேன், கழற்றியபோது உள்ளே என்ன இருந்தது என்று பேனாவால் எழுதி வைக்கிறேன். அடுத்து வாட்டர் பம்ப் வேலை இருக்கிறது, ஓரத்தில் லேசாக ஈரம் தெரிகிறது.