ஈகோர்ட்ஸ் ஆப்: எல்லைப்புறத் தமிழருக்கு எவ்வளவு உதவும்?

சித்தூர் தாலுக்கா நிலத்துக்குப் பாலக்காடு மாவட்டக் கோர்ட்டில் ஒரு வழக்கு, பொள்ளாச்சிப் பக்கத்து நிலத்துக்கு இந்தப் பக்கம் இன்னொன்று என்று அலைகிற குடும்பங்கள் எல்லையில் நிறைய. இரண்டையும் ஒரே போனில் பார்க்க வைக்கிறது ஈகோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப். கட்டணம் கிடையாது. வாய்தா தேதி தெரிந்துகொள்ள மட்டும் வக்கீல் ஆபீஸ் ஏற வேண்டியதில்லை.

சிஎன்ஆர் எண், அதாவது ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண், கையில் இருந்தால் வேலை சுலபம். மொத்தம் 16 இடங்கள்: மாநிலம், மாவட்டம், நீதிமன்றம் ஆகியவற்றுக்கு முதல் ஆறு, வரிசை எண்ணுக்கு ஆறு, ஆண்டுக்கு நான்கு. இடையில் கோடு போடாமல் அடிக்க வேண்டும். பூஜ்யத்துக்குப் பதில் 'ஓ' எழுத்தை அடித்துவிட்டு வழக்கே இல்லை என்று பதறுபவர்கள் உண்டு.

எண் இல்லாமல் பெயரை வைத்துத் தேடும்போதுதான் எல்லைக்காரர்களுக்குச் சிக்கல். தமிழ்நாட்டுப் பதிவில் பழனிச்சாமியின் 'ழ'வுக்கு ஆங்கில 'எல்' இருக்கும். கேரளப் பதிவில் அது 'இசட்-எச்' ஆகிவிடும், இனிஷியலும் பெயருக்குப் பின்னால் போய்விடும். ஆந்திரப் பக்கம் சுப்பிரமணியம் 'சுப்ரமண்யம்' ஆகி, வீட்டுப்பெயர் முன்னால் வந்து நிற்கும். முழுப் பெயரை அடிக்காதீர்கள். மூன்று எழுத்து போதும்; பெயரில் மாறாத துண்டைக் கொடுத்து ஆண்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். நிலுவை, முடிந்தவை இரண்டிலும் தேடுங்கள்.

ஆப்பில் மிகப் பயனுள்ள பகுதி வழக்கு வரலாறு. விசாரணை நீதிபதியின் அன்றாட வேலை அப்படியே அதில் தெரியும். சம்மன், எதிர்வழக்குரை (பிரதிவாதியின் எழுத்துப் பதில்), எழுவினா (கோர்ட் தீர்க்க வேண்டிய கேள்விகள்), சாட்சி விசாரணை, வாதம், தீர்ப்பு என்று நிலை நகர வேண்டும். எதிர்வழக்குரைக்குச் சட்டம் தரும் காலம் 30 நாள். காரணம் சொன்னால் 90 வரை. அதைத் தாண்டியும் அதே நிலை திரும்பத் திரும்ப வந்தால் வக்கீலிடம் கேளுங்கள். தேதியைத் தொட்டால் அன்று நடந்தது திறக்கும். நீதிபதி மாற்றலாகி, இடம் காலியாக இருந்து, பொறுப்பு நீதிபதி பார்க்கும் மாதங்களில் பெரும்பாலும் வாய்தா மட்டுமே விழும். அதை நம் வழக்கின் பலவீனம் என்று எண்ண வேண்டாம். புதிதாக வருபவர் சாட்சியை மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டியதில்லை, பதிவான சாட்சியத்திலிருந்தே தொடரலாம். அந்தச் சாட்சியப் பதிவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டியது ஏன் என்பது இதிலிருந்தே புரியும்.

குறை இரண்டு. தீர்ப்பை இறக்கிக்கொள்ளலாம், ஆனால் அது கோர்ட் சான்று போட்டுத் தரும் சான்றிட்ட நகல் ஆகாது. மேல்முறையீட்டுக்கு மாவட்ட நீதிமன்றம் என்றால் 30 நாள், உயர் நீதிமன்றம் என்றால் 90 நாள். சான்றிட்ட நகல் தயாராக எடுக்கும் நாள்கள் அந்தக் கணக்கில் சேராது. ஆனால் நகல் கேட்டு மனு போடும் முன் ஓடும் நாள்கள் சேரும். ஆகவே தீர்ப்பு வந்த அன்றே நகல் மனு போட்டுவிடுங்கள். ஆப்பில் பார்த்தோமே என்று உட்கார்ந்திருந்தால் கெடு ஓடிவிடும்.

இரண்டாவது, நாம் சேமித்து வைக்கும் வழக்குகளின் 'மை கேசஸ்' பட்டியல் போனிலேயே தங்குகிறது. போன் மாற்றுமுன் எக்ஸ்போர்ட் செய்து கோப்பை எடுத்து வைக்காவிட்டால் எல்லாம் போகும்.

மூணாறு, தேவிகுளம் எஸ்டேட் பக்கம் நெட் எடுக்காத இடங்களில் குறுஞ்செய்தி கைகொடுக்கும். ஈகோர்ட்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சிஎன்ஆர் எண்ணைச் சேர்த்து 9766899899க்கு அனுப்பினால் வழக்கு நிலவரம் பதிலாக வரும். சாதா பட்டன் போனே போதும்.