மே மாத 'மைக்ரேஷன் ஸ்பெஷல்': பிள்ளைகளோடு கென்யா கிளம்பும் கிருஷ்ணகிரி, தர்மபுரிக்காரர்கள் கவனத்துக்கு

'கோடை விடுமுறையில் ஆப்பிரிக்கா சஃபாரி, மே மாத கிரேட் மைக்ரேஷன் ஸ்பெஷல், குழந்தைகளுக்கு பலூன் சவாரி இலவசம்' என்று ஒரு போஸ்டர் நம் பக்கத்து வாட்ஸ்அப் குரூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரி, ஓசூர், காவேரிப்பட்டணம், தர்மபுரி என்று எந்த ஊர் குரூப்பைத் திறந்தாலும் இருக்கிறது. அட்வான்ஸ் கட்டும் முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள். 2025 மே மாதம் இதே போஸ்டரைப் போடுகிற ஏஜென்டிடம் பணம் கட்டிப் போய்வந்த குடும்பம் நாங்கள். நான், கணவர், ஏழு வயது மகள், நாலு வயது மகன். புகார் நடப்பதால் ஏஜென்சி பெயரைப் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

பெரிய பொய்யிலிருந்தே தொடங்குகிறேன். மே மாதத்தில் கென்யாவின் மசாய் மாரா சரணாலயத்தில் அந்த மைக்ரேஷன், அதாவது விலங்குகள் கூட்டமாக இடம்பெயர்வது, கிடையாது. மாடு மாதிரி இருக்கிற வில்டபீஸ்ட் என்ற மான் வகை லட்சக்கணக்கில் தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து எல்லை தாண்டி மாரா ஆற்றுக்கு வருவது ஜூலை வாக்கில்தான். அக்டோபர் வரை அங்கே மேயும். டிவியில் முதலை காலைக் கவ்வுகிற காட்சியெல்லாம் அந்த மாதங்களில் எடுத்தது. மார்ச்சிலிருந்து மே வரை கென்யாவில் பெருமழைக் காலம். புல் ஆள் இடுப்புக்கு வளர்ந்து கிடக்கும், சிங்கம் பத்தடியில் படுத்திருந்தாலும் கண்ணுக்குப் படாது. 2024 மே தொடக்கத்தில் இதே மாராவில் தாலெக் ஆறு கரை உடைத்து முகாம்களுக்குள் புகுந்து, தங்கியிருந்தவர்களை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அதற்கு அடுத்த மே மாதத்துக்குத்தான், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடு என்று தெரிந்தே, இவர் எங்களுக்கு டிக்கெட் போட்டார்.

ஏன் மே? நம் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு அப்போதுதான். வியாபாரமே அதில்தான் இருக்கிறது. அங்கே சீசன் இல்லாத மாதம் என்பதால் முகாம் வாடகை விழுந்திருக்கும், நுழைவுக் கட்டணம் பாதி. அந்த விலைக்கு வாங்கி, ஆகஸ்ட் மாத விலைக்கு நம் தலையில் கட்டுகிறார். எங்கள் பேக்கேஜ் ஆறரை லட்சம். சீட்டு எடுத்த பணமும் கணவரின் போனசும் சேர்த்துக் கட்டியது.

கணக்கு எப்படி வெளியே வந்தது என்று சொல்கிறேன். மாராவின் செகனானி கேட்டில் வண்டி நின்றது. அங்கே ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு அல்லது மொபைல் பணம்தான். டிரைவர் கட்டிவிட்டு வந்து ரசீதை டாஷ்போர்டில் செருகி வைத்தார். மகள் இப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், எதைப் பார்த்தாலும் வாய்விட்டு வாசிப்பாள். 'அடல்ட் டூ, ஹண்ட்ரட்' என்று அவள் வாசித்ததும்தான் நான் எட்டிப் பார்த்தேன். பெரியவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு 100 டாலர். பிள்ளைகளுக்கு ஒன்றும் இல்லை.

எங்களுக்குக் கொடுத்த எஸ்டிமேட்டில் 'பார்க் கட்டணம்: 4 பேர், 200 டாலர், 2 நாள்' என்று 1,600 டாலர் போட்டிருந்தது. மாராவில் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை ஒரு நாளைக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். 2024 முதல் இதுதான் கட்டணம். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு இலவசம். ஆக அவர் கட்டியது 400 டாலர், எங்களிடம் வாங்கியது 1,600. இந்த ஒரு வரியில் மட்டும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. ரசீதை அங்கேயே போனில் படம் எடுத்துக்கொண்டோம். இன்று புகாரில் எங்களுக்குக் கை கொடுப்பது அந்தப் படம்தான்.

விசாவும் இதே கதை. 'கென்யா விசா ஃபீஸ் தலைக்கு 9,500' என்று வாங்கினார். கென்யா 2024 ஜனவரியிலிருந்து விசாவே கேட்பதில்லை. அதற்குப் பதில் இடிஏ என்ற ஆன்லைன் பயண அனுமதி, கைக்குழந்தைக்கும் தனியாக எடுக்க வேண்டும். அந்த நாட்டு அரசின் இணையதளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், கட்டணம் சுமார் 30 டாலர்.

டிசிஎஸ் (டூர் விற்பவர் நம்மிடம் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டிய வரி) என்ற பெயரில் ஐந்து சதவீதம், 32,500 ரூபாய் ரொக்கமாக வாங்கினார். வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு டிசிஎஸ் பிடிப்பது சட்டம்தான், அதில் தப்பில்லை. ஆனால் பிடித்த பணத்தை நம் பான் எண்ணில் கட்ட வேண்டும், அது நம் 26ஏஎஸ் என்ற வரிக் கணக்குப் படிவத்தில் தெரிய வேண்டும், ரிட்டர்ன் போடும்போது நாம் கழித்துக்கொள்ளலாம். எங்கள் ஆடிட்டர் பார்த்தபோது அதில் ஒரு பைசா ஏறவில்லை. பான் எண்ணையே கேட்காமல் டிசிஎஸ் கேட்டால் அது யார் பைக்குப் போகிறது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

பணம் போனதை விட எனக்குக் கோபம் வந்தது தடுப்பூசி விஷயத்தில். கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயம் உள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. இங்கிருந்து போகும்போது அங்கே கேட்கமாட்டார்கள். திரும்பி இந்தியாவில் இறங்கும்போது நம் விமான நிலையத்தில்தான் ஊசி போட்டதற்கான மஞ்சள் கார்டு கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க அதிகாரம் உண்டு. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் கார்டு செல்லும். எல்லா ஆஸ்பத்திரியிலும் போடமாட்டார்கள், அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பெங்களூரிலும் மையம் உண்டு. இதையெல்லாம் எங்களுக்குச் சொன்னது ஏஜென்ட் இல்லை, பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டர். ஏஜென்டிடம் கேட்டதற்கு, "அக்கா, சின்னப் பசங்களுக்கு எதுக்கு ஊசி? ஆளுக்கு 1,500 குடுங்க, கார்டு நானே ரெடி பண்ணித் தர்றேன்" என்றார். போலி கார்டு! நாலு வயதுப் பிள்ளைக்கு! நாங்கள் வாங்கவில்லை. மையத்துக்குப் போய் ஊசியே போட்டுக்கொண்டோம்.

ஒன்பது மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த ஊசி போடமாட்டார்கள். முட்டை கடுமையாக ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எம்எம்ஆர் போல வேறு ஊசி பாக்கி இருந்தால் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி வேண்டியிருக்கும், அதையும் டாக்டரிடம் கேளுங்கள். 'மாராவில் மலேரியாவே கிடையாது' என்று இவர் சொன்னதும் பொய். அது மலேரியா உள்ள பகுதி. பிள்ளையின் எடையைப் பார்த்து டாக்டர் மாத்திரை எழுதித் தந்தார்.

அப்புறம் வண்டி. எங்களுக்கென்று தனி லேண்ட் குரூசர், சைல்டு சீட்டோடு என்பது பேச்சு. வந்து நின்றது கூரை தூக்குகிற வேன், உள்ளே ஏற்கெனவே வேறு ஒரு குழு. சைல்டு சீட் இல்லை. நைரோபியிலிருந்து மாராவுக்கு 'ரெண்டரை மணி நேரம்' என்று சொல்லியிருந்தார். உண்மையில் நரோக் வழியாக 270 கிலோமீட்டர் அளவுக்கு இருக்கும், ஐந்தாறு மணி நேரம் ஆகும். மழையில் அதற்கும் மேல் ஆனது. மை மகியு பக்கம் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் மலையிறங்கும்போது மகன் என் மடியிலேயே வாந்தி எடுத்தான். சின்னப் பிள்ளைகள் இருந்தால் நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து சின்ன விமானத்தில் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம், ஆனால் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் மடங்குகிற பையில். அந்த வழி இருப்பதையே இவர் எங்களிடம் சொல்லவில்லை.

மாராவுக்குள் கரிசல் மண். ஒரு மழை பெய்தால் வேன் சக்கரம் பாதி உள்ளே போய்விடுகிறது. ஒரு மதியம் முழுக்கச் சேற்றில் சிக்கி நின்றோம். காட்டுக்குள் கண்ட இடத்தில் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, நாலு வயதுப் பையனுக்கு ஒன்றுக்கு வருகிறது, இதற்கு மேல் நான் விவரிக்க வேண்டாம். கடைசியில் வேறொரு கம்பெனியின் லேண்ட் குரூசர் கயிறு கட்டி இழுத்தது. டிரைவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை, நல்ல மனிதர். மைக்ரேஷன் எங்கே என்று கணவர் கேட்டதற்கு அவர்தான் சிரித்துக்கொண்டே, "ஆகஸ்டில் வாருங்கள், இப்போது எல்லாம் செரங்கெட்டியில்" என்றார்.

'ஃபேமிலி டென்ட், வேலி போட்ட முகாம், நீச்சல் குளம்' என்று சொன்ன இடத்தில் கிடைத்தவை இரண்டு தனித்தனி டென்ட். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே இருட்டுப் பாதை, வேலி இல்லை. நான் ஒரு பிள்ளையோடு, கணவர் ஒரு பிள்ளையோடு. வேலி இல்லாத முகாம் அங்கே சகஜம், இருட்டினால் காவலாள் டார்ச்சோடு கூட வருவார். ஆனால் சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதை முன்னாலேயே சொல்ல வேண்டாமா? முதல் ராத்திரி மகன் போர்வைக்குள் காலை நீட்டிவிட்டு வீறிட்டு அழுதான், உள்ளே ஏதோ சூடாக, மெத்தென்று. பார்த்தால் குளிருக்காக முகாம்காரர்கள் வைத்த வெந்நீர்ப் பை. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல், ராத்திரி நன்றாகவே குளிர்கிறது. ஸ்வெட்டர் எடுக்கச் சொல்லியும் யாரும் சொல்லவில்லை.

இலவச பலூன்? அங்கே பலூனுக்கு ஆளுக்கு 400 டாலருக்கு மேல். யாரும் சும்மா ஏற்றமாட்டார்கள். பெரும்பாலான கம்பெனிகள் ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்ப்பதே இல்லை. நைரோபி யானைக்குட்டிக் காப்பகமும் பட்டியலில் இருந்தது. பொதுமக்களுக்கு காலை 11 மணியிலிருந்து ஒரு மணி நேரம்தான், முன்பதிவு இல்லாமல் உள்ளே போக முடியாது. இவர் பதிவே செய்யவில்லை, கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். (யானை பார்க்கவா அவ்வளவு தூரம், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ராகிக் கொல்லையில் நின்றால் போதாதா என்று அத்தை கிளம்பும்போதே கேட்டார்.) ஒட்டகச்சிவிங்கி மையத்தில் மட்டும் பிள்ளைகள் கையால் தீவனம் கொடுத்தார்கள், அது நன்றாக இருந்தது. சாப்பாட்டிலும் கஷ்டமில்லை. உகாலி என்று ஒன்று, நம் களி மாதிரிதான், மக்காச்சோள மாவில் கிண்டியது. கீரையோடு மகள் இரண்டு வேளை சாப்பிட்டாள்.

திரும்பி வந்து கேட்டதற்கு, "மழை என் கையில இல்லக்கா" என்று ஒரு வாய்ஸ் மெசேஜ். அதோடு எங்கள் இரண்டு நம்பரையும் பிளாக் செய்துவிட்டார். ஆபீசில் இருக்கும் பெண் 'சார் டூர்ல இருக்கார்' என்கிறாள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம், வக்கீல் நோட்டீஸ் போனது, பதில் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. ஏஜென்சி ஆபீஸ் வெளியூரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். கட்டிய தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, அதற்கு மேல் பத்து லட்சம் வரை 200 ரூபாய். இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

கென்யாவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்கூல் லீவில் மைக்ரேஷன்தான் பார்க்க வேண்டும் என்றால் காலாண்டு விடுமுறை சரியாக வரும், செப்டம்பர் கடைசி. பெரியவர்களுக்கு 200 டாலர் ஆகும், ஆனால் கொடுத்த காசுக்கு வில்டபீஸ்டாவது இருக்கும். மே மாதம்தான் முடியும் என்றால் அந்த மாத விலையைக் கேட்டு வாங்குங்கள், நாலு சக்கரமும் இழுக்கிற தனி வண்டி என்று எழுத்தில் வாங்குங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு நான் இப்போது சொல்வது தென்னாப்பிரிக்காவின் பிலான்ஸ்பெர்க். மலேரியா இல்லாத காடு, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் இரண்டரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். கென்யா போல மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடு வழியாக விமானம் மாறாவிட்டால் அந்த ஊசியும் தேவைப்படாது. விசா மட்டும் எடுக்க வேண்டும்.

இதே ஏஜென்டிடம் பணம் கட்டியவர்கள் இருந்தால் முதலில் உங்கள் 26ஏஎஸ்-ஐ எடுத்துப் பாருங்கள். எஸ்டிமேட், கேட் ரசீது, பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், போஸ்டர் எதையும் அழிக்காதீர்கள். எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள், வக்கீல் நம்பர் தருகிறேன். மனு இந்த மாதக் கடைசியில் தாக்கலாகிறது, அதற்குள் வந்தால் உங்கள் ஆவணங்களையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.