யானை பார்க்கக் குமுளி வருகிறவர்களுக்கு: தேக்கடி மூங்கில் தெப்பப் பயணம்

குமுளியில் சின்னதாக ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறேன். மதுரை, தேனிப் பக்கமிருந்து வரும் குடும்பங்கள் பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்பது, "அக்கா, யானைச் சவாரி எங்கே?" என்றுதான். நான் அவர்களை அனுப்பி வைப்பது பெரியாறு புலிகள் காப்பகத்தில் வனத்துறை நடத்தும் மூங்கில் தெப்பப் பயணத்துக்கு. இந்த மார்ச்சில் நானும் போய் வந்தேன்.

காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை ஆகிவிடும். ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் கிடையாது. கூடவே வழிகாட்டிகள், துப்பாக்கியோடு ஒரு வனக் காவலர். கொஞ்ச தூரம் காட்டில் நடை, பிறகு தெப்பம், மறுபடி நடை. மோட்டார் இல்லை, துடுப்புதான். 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடித்தபோது மூழ்கிய மரங்கள் இன்னும் மொட்டையாகத் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. அந்த மரங்கள் மேல் உட்கார்ந்து நீர்க்காகங்கள் இறகை விரித்துக் காயவைக்கும்.

இங்கே வழிகாட்டிகளில் சிலர் ஒரு காலத்தில் இதே காட்டில் வயணப் பட்டையை (இலவங்கப்பட்டை மாதிரி வாசனை உள்ள காட்டு மரப்பட்டை) திருட்டுத்தனமாக உரித்து விற்றவர்கள். 1990களின் கடைசியில் அவர்களையே சேர்த்து ஒரு சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தார்கள். இன்று காவலும் அவர்களே, வழிகாட்டியும் அவர்களே. நீங்கள் கட்டும் பணம் அவர்கள் வீட்டு அடுப்பு எரியவும் உதவுகிறது. மன்னான், பளியர் குடிகளைச் சேர்ந்தவர்களும் இந்தக் காட்டில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். பெரும்பாலும் தமிழிலேயே பேசலாம்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதிர்க்கரையில் ஒரு கூட்டம். நான்கு பெரிய பெண் யானைகள், நடுவே ஒரு குட்டி. முன்னால் நின்றது ஒரு பிடிப் புல்லை வேரோடு பிடுங்கி, முன்னங்காலில் இரண்டு தட்டுத் தட்டி, மண் உதிர்ந்த பிறகே வாயில் வைத்தது. அதைப் பார்த்துக் குட்டியும் புல்லைப் பிடுங்கித் தட்டியது. பாதிப் புல் கீழேதான் விழுந்தது. அந்த வேடிக்கையை நாள் முழுக்கப் பார்க்கலாம்.

ஆனால் காற்று திரும்பிவிட்டது. பெரிய யானை துதிக்கையைத் தூக்கி எங்கள் பக்கம் நீட்டியதும் வழிகாட்டி, "பின்னாடி போலாம்ணா" என்று துடுப்புப் போடுகிறவரிடம் மெதுவாகச் சொன்னார். தெப்பத்தில் இருந்த ஒருவர், "இன்னும் ரெண்டு நிமிஷம் நிக்கலாமே, காசு குடுத்துத்தானே வந்திருக்கோம்" என்றார். "குட்டி வெச்சிருக்கு சார், அதுக்குப் பிடிக்கல" என்றார் வழிகாட்டி. தெப்பம் விலகியது. யானை மறுபடி தலையைக் குனிந்து மேய ஆரம்பித்தது. நான் இந்தப் பயணத்துக்கு முழு மதிப்பெண் கொடுப்பது இந்த இடத்துக்காக. காசு கொடுத்தவருக்காக யானையை நிறுத்தவில்லை, யானைக்காக எங்களை நகர்த்தினார்கள்.

இதைச் சவாரி முகாம்களில் எதிர்பார்க்க முடியாது. அங்கே யானையின் காலில் சங்கிலி, பாகன் கையில் அங்குசம். மிருதுவான மண்ணுக்குப் பழகிய பாதம் கான்கிரீட்டிலும் தாரிலும் வெடித்துப் புண்ணாகிறது. ஆட்களை ஏற்றும் யானைக்கு 2001ஆம் ஆண்டு விதிகளின்படி விலங்குகள் நல வாரியத்தில் பதிவு வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். சான்று இருந்தாலும் சங்கிலி சங்கிலிதான். "சரணாலயம்" என்று பலகை வைத்துவிட்டுக் குளிப்பாட்டவும் துதிக்கையைப் பிடித்துப் படம் எடுக்கவும் டிக்கெட் போடும் இடங்களும் அதே வகைதான். ஆள் அனுப்பினால் கமிஷன் தருவதாக ஒரு முகாமிலிருந்து என்னைத் தேடி வந்தார்கள், வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

குறை என்றால், சாதாரணப் படகை விட இது விலை கூடுதல், நடையும் அதிகம். முட்டி வலி உள்ளவர்களுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் ஒத்துவராது. யானை வரும் என்று யாரும் உறுதி தர மாட்டார்கள், தரவும் கூடாது. கோடையில் தண்ணீர் தேடிக் கரைக்கு வருவதால் மார்ச், ஏப்ரல் நல்ல சமயம். மழைக்காலத்தில் போனால் அட்டைக்கடிக்கு அவர்கள் தரும் துணி உறையைக் கால்சட்டைக்கு மேலே முட்டிவரை இழுத்துக் கட்டுங்கள். சென்ட் போடாதீர்கள், பளிச்சென்ற சட்டை வேண்டாம், பிளாஸ்டிக் பையை அறையிலேயே வைத்துவிடுங்கள். விடுமுறை நாளென்றால் முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள், இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும்.