ஒரு கிலோ பால் கவர்: எந்தக் கணக்கில் எது ஜெயிக்கும்?

காலி பால் கவரைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அப்படிச் சேர்ந்த ஒரு கிலோவை எடுத்துக்கொள்வோம். அது போகக்கூடிய வழிகள் நான்கு: காயலான் கடை வழியாக மறுசுழற்சி, சிமெண்ட் ஆலைச் சூளை, தார்ச்சாலை, குப்பைமேடு. எது மேல் என்று வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு, அதாவது ஒரு பொருள் பிறந்ததிலிருந்து ஒழியும்வரை சூழலுக்கு ஆகும் பாதிப்பின் கணக்கு, போட்டால் விடை வரும். அந்த விடையில் பாதி, நாம் உள்ளே போட்ட அனுமானம்தான்.

சூளையில் இது பளிச்சென்று தெரியும். பால் கவர் பாலித்தீனால் ஆனது. ஒரு கிலோ பாலித்தீன் முழுதாக எரிந்தால் 3.14 கிலோ கரியமில வாயு. வேதியியல் கணக்கு, பேரம் கிடையாது. கிடைக்கும் வெப்பம் சுமார் 43 மெகாஜூல். அதே வெப்பத்தை நிலக்கரியில் எடுத்திருந்தால் 4 கிலோவுக்குச் சற்று மேல் வெளிவந்திருக்கும். ஆக, ஒரு கிலோ அளவுக்கு மிச்சம். ஆனால் அந்த ஆலை குறைத்துக்கொண்டது நிலக்கரியை அல்ல, உமியை என்றால்? உமியின் கார்பன் பயிர் காற்றிலிருந்து எடுத்தது என்பதால் கணக்கில் அதற்குப் பூஜ்யம். மிச்சம் போய், 3.14 முழுதும் பற்றில் ஏறும்.

மறுசுழற்சியிலும் இதே வம்புதான். புதுப் பாலித்தீன் ஒரு கிலோ செய்ய ஏறத்தாழ 2 கிலோ கரியமில வாயு. பழைய கவரை உருக்கிய குருணை அதற்கு ஒன்றுக்கு ஒன்று ஈடு என்று எழுதினால், கழுவ, உருக்க ஆன மின்சாரம் போக மற்றதெல்லாம் வரவு. ஆனால் அந்தக் குருணை பெரும்பாலும் கறுப்புக் குப்பைப் பை போன்ற மட்டச் சரக்காகத்தான் மாறுகிறது. அந்தப் பை புதுப் பிளாஸ்டிக்கின் இடத்தைப் பிடித்ததா, மலிவாக இருந்ததால் கூடுதலாக விற்றதா?

வரவு யாருக்கு என்பதில் இன்னொரு சண்டை. ஒரு முறையில் பழைய கவரைக் கொடுத்தவருக்கு ஒன்றுமில்லை, வாங்கிப் பயன்படுத்துபவருக்கே லாபம். இன்னொன்றில் முழுதும் கொடுத்தவருக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சூத்திரம் பிளாஸ்டிக்குக்கு 0.5 என்று வைத்து, பாகப்பிரிவினை போல ஆளுக்குப் பாதி என்கிறது. இருவரும் முழு வரவை எழுதிக்கொள்ளாதவரை எனக்கு எதுவும் சம்மதம்.

தார்ச்சாலை, மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் ஆர். வாசுதேவன் காட்டிய வழி. சூடான ஜல்லிமேல் பிளாஸ்டிக் பூச்சு. கொஞ்சம் தார் மிச்சம். சாலை தேயும்போது உதிரும் துகளுக்குத்தான் வழக்கமான மதிப்பீட்டில் கட்டமே கிடையாது.

குப்பைமேடுதான் ஆளை ஏமாற்றும். கார்பன் மண்ணுக்குள் கிடப்பதால், பருவநிலைக் கணக்கில் இது எரிப்பதைவிட நல்ல பிள்ளை. ஆனால் பாடநூல் சொல்லும் கிடங்கு, அடியில் விரிப்பும் மேலே மண்மூடியும் உள்ளது. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு அப்படியா? 2022 ஏப்ரலில் அது நாள்கணக்கில் எரிந்தது. பக்கத்திலேயே பள்ளிக்கரணைச் சதுப்பு. திறந்தவெளியில் எரிந்தால் நிலக்கரி மிச்சமும் இல்லை, புகை வடிகட்டியும் இல்லை. நான்கில் கடைசி இடம் இதற்குத்தான். குப்பையிலிருந்து ஆற்றுக்கும் கடலுக்கும் தப்பிப்போகும் கசிவை எண்ண, பொருள் எங்கிருந்து எங்கே போகிறது என்று பின்தொடரும் பொருளோட்ட மாதிரி வேண்டும்: 2020-இல் வந்த அத்தகைய உலகக் கணக்கு ஒன்று, போக்கு மாறாவிட்டால் ஆண்டுக்குக் கடலில் சேரும் பிளாஸ்டிக் 1.1 கோடி டன்னிலிருந்து 2040-இல் 2.9 கோடி டன்னாகும் என்றது.

புதுப் பிளாஸ்டிக்குக்குக் குருணை ஈடாகும் அளவைப் பாதியாகக் குறைத்துப் போட்டாலும், சுத்தமான பால் கவருக்கு என் ஓட்டு காயலான் கடைக்கே. சிப்ஸ் பாக்கெட் வேறு கதை. படலங்களும் அலுமினியப் பூச்சும் ஒட்டிக்கிடக்கும் அதைக் கடைக்காரர் தொடவே மாட்டார். அதற்குச் சூளைதான், ஆலை எந்த எரிபொருளைக் குறைத்தது என்ற கணக்கையும் சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும்.