குன்னூரில் வாங்கிய மூன்று தேயிலைகள்

குன்னூர்ச் சந்தைப் பகுதியில் உள்ள ஒரு சிறிய தேயிலைக் கடையில், சென்ற மாதம் மூன்று வகை இலைத் தேயிலைகளை, வகைக்கு 100 கிராம் வீதம் வாங்கி வந்தேன். அவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது, டிசம்பர், ஜனவரி மாதங்களின் உறைபனிக் காலத்தில் பறித்த கொழுந்துகளால் செய்யப்படும் 'ஃப்ராஸ்ட் டீ'தான்; 350 ரூபாய் என்றதும் கை சற்றுத் தயங்கியது உண்மை. ஆனால் நீண்டு முறுக்கிக் கிடக்கும் அந்த இலைகளை ஒரு தேக்கரண்டி எடுத்து, கொதி அடங்கிய வெந்நீரில் மூன்று நிமிடம் மூடி வைத்து வடிகட்டினால், தேன் நிறத்தில் இறங்கும் சாற்றில் பூமணமும் இலேசான இனிப்பும் தெரிகின்றன. அதில் பாலோ சர்க்கரையோ சேர்ப்பது பெரும் அநியாயம்.

'ஆரஞ்சு பீக்கோ' 180 ரூபாய். பெயரைப் பார்த்துப் பழ மணத்தை எதிர்பார்த்த என் மனைவி ஏமாந்துபோனார். அது இலையின் தரத்தைக் குறிக்கும் பெயரே அன்றிச் சுவையைக் குறிப்பதன்று என்பதைக் கடைக்காரர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். இருப்பினும், காலை வேளையில் நான் நாடுவது இதையே.

பெர்கமாட் என்னும் எலுமிச்சை இனப் பழத்தின் தோல் எண்ணெய் ஏற்றிய 'ஏர்ல் கிரே' 240 ரூபாய்க்குத் தகுதியானதன்று. பொட்டலத்தைப் பிரித்ததும் சோப்புக் கட்டியின் வாசனை மூக்கைத் துளைத்தது. தேயிலையின் சுவையோ நாவுக்கு எட்டவேயில்லை. எந்தப் பொட்டலத்திலும் அடைத்த தேதி இல்லை. பால் ஊற்றிக் கொதிக்கவிட்ட டீதான் வேண்டும் என்பவர்கள், இதே கடையில், இலையை நசுக்கிக் கிழித்துச் சிறு மணிகளாகச் சுருட்டிய சி.டி.சி. தூளைக் கிலோ 280 ரூபாய்க்கு வாங்கிக்கொள்ளலாம்.