ஏரிக்கரை வீடு: எவன்ஸ்டனா, வில்மெட்டா, லேக் ஃபாரஸ்டா?

சிகாகோவுக்கு மாற்றலாகி வருகிற நம் ஆட்கள் பெரும்பாலும் நேப்பர்வில், அரோரா, ஷாம்பர்க் என்று மேற்கே போய்விடுவார்கள். மிச்சிகன் ஏரியை ஒட்டி வடக்கே நீளும் 'நார்த் ஷோர்' ஊர்கள் நினைவுக்கு வருவது, கையில் கொஞ்சம் காசு சேர்ந்து, தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்து பார்க்கலாமே என்று ஆசை வரும்போதுதான். நான் எவன்ஸ்டனில் வாடகைக்கு இருந்தேன், இப்போது வில்மெட். லேக் ஃபாரஸ்டில் நெருங்கிய நண்பர் வீடு வாங்கியிருக்கிறார். மூன்றுமே பணக்கார ஊர்கள்தான். ஆனால் மூன்றிலும் ஏரி ஒரே ஏரி அல்ல.

எவன்ஸ்டனில் கரை தாழ்வு. தெருமுனையில் திரும்பினால் புல்வெளி, மணல், தண்ணீர். நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1960களில் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய திட்டில் நடந்தால், தெற்கே சிகாகோவின் உயரக் கட்டடங்கள் வரிசையாகத் தெரியும். மாலையில் மாணவர்கள், தள்ளுவண்டிக் குழந்தைகள், தாத்தா பாட்டிகள் எல்லோரும் அங்கேதான். இரவு எட்டு மணிக்குக்கூட செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டு வருவேன்.

வடக்கே போகப் போக நிலம் உயர்கிறது. வின்னெட்காவைத் தாண்டினால் கரை செங்குத்தான மண்மேடு. லேக் ஃபாரஸ்டில் சில இடங்களில் 70 அடிக்கு மேல். அந்த மேட்டு விளிம்பில் பெரும்பாலும் மாளிகைகள். இல்லினாய் சட்டப்படி தண்ணீர் தொடும் இடம் வரை மணல் வீட்டுக்காரருக்குச் சொந்தமாக இருக்கலாம். பக்கத்து மாநிலமான இந்தியானாவில் அப்படி இல்லை, கரை பொதுமக்களுக்கே என்று 2018-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இங்கே கரை தனியார் கையில் என்பதால், ஏரியோரமாகப் போகும் ஷெரிடன் ரோட்டில் மைல் கணக்கில் கார் ஓட்டினாலும் உங்களுக்குக் கிடைப்பது மதில், மரம், நடுவில் எப்போதாவது ஒரு நீலக் கீற்று. நண்பர் முதல் நாள் "வாங்க, ஏரியைக் காட்டுறேன்" என்று கூட்டிப்போனார். காரில்தான் போனோம்.

லேக் ஃபாரஸ்டுக்கும் பொதுக் கடற்கரை உண்டு, அழகானதும்கூட. ஆனால் அந்த ஊரின் நிஜமான சொத்து மரங்களும் ஓடைப் பள்ளங்களும் 1916-ல் கட்டிய மார்க்கெட் ஸ்கொயரும்தான். அமைதி வேண்டுமென்றால் அங்கே போங்கள், ஏரிக்காக வேண்டாம். மேட்டு விளிம்பிலேயே வீடு வாங்கும் வசதி இருந்தாலும் யோசிக்க வேண்டும். 2013 ஜனவரியில் வரலாறு காணாத அளவுக்கு இறங்கிய நீர்மட்டம், 2020 கோடையில் அந்த மாதங்களுக்கான சாதனை உயரத்தைத் தொட்டது. அலை அடிவாரத்தை அரித்தால் மேலே இருக்கும் தோட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். தடுப்புச் சுவர் செலவு உங்கள் தலையில்.

வில்மெட் நடுவாந்திரம். இங்கே ஏரிக்கரைப் பூங்காவான கில்சன் பார்க்கே ஒரு கால்வாய் வெட்டிய மண்ணைக் கொட்டி உண்டான நிலம். பக்கத்தில் 1953-ல் திறந்த பஹாய் ஆலயத்தின் வெள்ளைக் குவிமாடம். சீசனில் கடற்கரைக்குக் கட்டணம் உண்டு, என்றாலும் நடந்து போகிற தூரம்.

ரயில் விஷயத்தில் எவன்ஸ்டனும் வில்மெட்டும் முந்திக்கொள்கின்றன. சிகாகோ நகர ரயிலான சிடிஏவின் பர்ப்பிள் லைன் வில்மெட்டின் லிண்டன் நிலையத்தில் முடிகிறது. அலுவலக நேரம் போக மற்ற வேளைகளில் ஹோவர்டில் இறங்கி மாற வேண்டும், அது எரிச்சல்தான். மெட்ரா என்ற புறநகர் ரயில் மூன்று ஊருக்கும் உண்டு. லேக் ஃபாரஸ்டிலிருந்து நகரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். (இந்தத் தடத்தில் ரயில் நம் ஊர் போல இடப்பக்கம் ஓடும். எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று ரயிலை விட்டவன் சொல்கிறேன்.) டெவன் அவென்யூவில் கறிவேப்பிலை வாங்கவும் எவன்ஸ்டன்தான் கிட்ட.

பள்ளிக்காகத்தான் பலரும் வில்மெட் வருகிறார்கள்: நியூ ட்ரையர் உயர்நிலைப் பள்ளி. எவன்ஸ்டனில் ஊருக்கே ஒரே பெரிய அரசு உயர்நிலைப் பள்ளி, எல்லாத் தரப்புப் பிள்ளைகளும் ஒன்றாகப் படிப்பார்கள். எனக்கு அது பிடிக்கும், என் மனைவிக்கு நியூ ட்ரையர். எங்கே குடியிருக்கிறோம் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

சொத்து வரி எங்கேயும் வலிக்கும். எவன்ஸ்டனும் வில்மெட்டும் இருக்கும் குக் கவுண்டியில் வீட்டு மதிப்பில் 10 சதவீதத்துக்குத்தான் வரி, லேக் ஃபாரஸ்ட் இருக்கும் லேக் கவுண்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள். குக்கில் அந்த 10-ஐ மாநிலம் ஏறக்குறைய மூன்றால் பெருக்கும். பழைய பில்லைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

எதை வாங்குவதற்கு முன்னும் பிப்ரவரியில் ஒருமுறை வந்து கரையில் பத்து நிமிடம் நில்லுங்கள். மே மாதத்தில்கூட ஊருக்குள் வெயில் அடிக்க, இங்கே ஸ்வெட்டர் போட்டிருப்போம். அப்புறம், கரையோரம் மலை போலக் குவிந்திருக்கும் பனிக்கட்டி மேல் மட்டும் ஏறாதீர்கள். பார்க்கத் திண்மையாக இருக்கும், உள்ளே பொந்து.